தேயிலை மலைகளின் பாட்டும் அதன் முதற் பாடகர்களும்

இலங்கைத் தேயிலைக்கு எழுதப்பட்ட சரித்திரம் உண்டு. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்ட செய்தியைப் பள்ளிச் சிறுவரும் ஒப்புவிப்பர். எந்தத் துரை எந்த மலையைத் திறந்தான், எந்தக் கம்பனி எத்தனை ஏக்கரை வாங்கிற்று, இலண்டன் ஏலத்தில் இறாத்தல் என்ன விலைக்குப் போயிற்று என்பனவெல்லாம் ஏடுகளிற் பத்திரமாக உள்ளன. ஆனால் அம்மலைகளில் ஏறி இறங்கிய மக்கள் என்ன பாடினார்கள்? அப்பாட்டை முதலிற் கட்டியவர் யார்? அதை முதலில் அச்சேற்றியவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை காண விழைவோர் அந்த ஏடுகளுக்கு வெளியேதான் தேடவேண்டியிருக்கிறது.

தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய வரவைச் செக்ரோலிற் பதிவதற்குப் 'பேர் போடுதல்' என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட அப்புத்தகங்களில் உழைத்த நாள் பதிந்திருக்கிறது. உழைத்தவள் பாடினாள் என்ற செய்தி ஓரிடத்தும் பதியவில்லை. கூலிக்குக் கையும் காலும் உண்டு என்று அறிந்த நிர்வாகம், கூலிக்குக் கலையும் உண்டு என்று நினைத்துப் பார்க்கவில்லை. நம் பண்டிதர்களும் நெடுங்காலம் அவ்வாறே இருந்துவிட்டார்கள் என்பதுதான் பெரிதும் வருந்தத்தக்கது.

மலையகப் பாட்டென்றால் ஒப்பாரி என்ற எண்ணம் கற்றவரிடையே பரவிக் கிடக்கிறது. கண்ணீர்தான் அதன் பொருள், பெருமூச்சுத்தான் அதன் சுருதி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கண்ணீர் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கண்ணீரோடு நையாண்டியும், நையாண்டியோடு குற்றச்சாட்டும், குற்றச்சாட்டோடு அமைப்பாகத் திரளும் எழுச்சியும் அப்பாட்டில் படிப்படியாக வளர்ந்தன. அந்த வளர்ச்சியைத்தான் நாம் இங்கே ஆராய முற்படுகிறோம்.

கோப்பிக் காலம்

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. 1820களில் மத்திய மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. காட்டை வெட்டவும், கன்று நடவும், பழம் பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம், தஞ்சாவூர் முதலிய பகுதிகளின் கிராமங்களிலிருந்து, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்திய மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டார்கள். கடலைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே நூற்றுக்கு மேற்பட்ட மைல்கள் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகக் காத்திருந்தன. இடைவழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு ஏனையோர் நடந்தார்கள்.

இப்படி வந்தவர்களின் கையிலே மூட்டை சிறிது. நெஞ்சிலே பாட்டுப் பெரிது. தாலாட்டும் கும்மியும், நடவுப் பாட்டும் தெம்மாங்கும், மாரடித்துப் பாடும் ஒப்பாரியும் அவர்களோடு கடல் தாண்டி வந்தன. புதிய மண்ணில் அப்பாடல்கள் உருமாறின. மெட்டு ஊர் மெட்டாகவே நின்றது, சொல் மாறிற்று. வயலும் வரப்பும் இருந்த இடத்தில் மலையும் கானும் வந்தன. பண்ணையார் இருந்த இடத்தில் துரையும் கங்காணியும் வந்து நின்றார்கள். மலைநாடு முழுவதையும் 'கண்டிச் சீமை' என்றே பாட்டு அழைத்தது. பெற்ற தாயையும் பிறந்த ஊரையும் இழந்து அச்சீமைக்கு வந்ததை எண்ணிப் புலம்பும் பாட்டுக்கள் இக்காலத்தின் எச்சங்கள்.

கங்காணி யார் என்பதை அறியாமல் இப்பாட்டுக்களை அறிய இயலாது. ஆள் திரட்டுபவன் அவன். முன்பணம் கொடுக்கும் கடன்காரன் அவன். வேலைக்களத்தில் மேற்பார்வை செய்பவனும் அவனே. பெரும்பாலும் உறவினனாகவும் ஊரானாகவும் இருந்தவன் அவன். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு, கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாமல் அவனைக் கட்டிப்போட்டது. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தினால் அத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மாமன் என்றும் அண்ணன் என்றும் உறவு சொல்லி அழைக்க வேண்டிய ஒருவனே தன்னை அடகு வைத்தவனாகவும் இருக்கும் நிலையில், நேர்நின்று ஏசுவது எங்ஙனம்? பாட்டு அதற்கு வழி செய்தது. பேச்சிற் சொன்னால் குற்றமாகும் சொல், பாட்டிற் சொன்னால் சிரிப்பாகும். சிரித்தவர் மனத்தில் அது தங்கியும் விடும்.

இவ்விடத்தே ஒரு முரணைக் குறிப்பிடுவது தகும். தோட்ட வாழ்வைப் பற்றி அச்சேறிய தொடக்ககாலப் பாட்டு நூல் தொழிலாளியின் குரல் அன்று. 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பிச் செய்கையின் முறைகளைக் கும்மியின் நடையிலே விளக்குவது அந்நூல். தோட்டத்தை அது பார்க்கும் பார்வை துரைத்தனத்தின் பார்வை. உழைப்பவர் கொட்டிப் பாடும் கும்மியை எடுத்து, உழைப்பவருக்கே வேலை கற்பிக்கும் கருவியாக்கிய முயற்சி அது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையிலே கண்டறியப்பட்டதும் அதே 1869ஆம் ஆண்டில்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கிருஷியே மலைகளிலிருந்து மறைந்தது. மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' (2014) என்ற நூல் இக்கும்மியை மீண்டும் நம் கவனத்துக்குக் கொணர்ந்திருக்கிறது. மெட்டு மக்களுடையதாக இருந்தால் மட்டும் பாட்டு மக்களுடையதாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கொழுந்துப் பாட்டு

கோப்பி அழிந்து தேயிலை பரவியபோது பாட்டின் தலைவிதியும் மாறியது. இதற்குக் காரணம் பயிரின் இயல்பிலேயே இருக்கிறது. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படும். பறித்து முடிந்ததும் ஆட்களிற் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. பறித்த மலையையே சில நாள் இடைவெளியில் மீண்டும் பறிக்கவேண்டும். ஆதலால் குடும்பம் குடும்பமாக நிலைத்து வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். லயங்கள் எழுந்தன. ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம் பிறந்து வளர்ந்து மடியும் வாழ்க்கை உருவாயிற்று. கொழுந்து பறிக்கும் வேலை பெண்களின் வேலையாயிற்று. தேயிலைக் காலத்துப் பாட்டின் தலையாய கலைஞர் பெண்ணானது இதனாலேயே.

விடியுமுன் தப்பொலி கேட்கும். பிரட்டுக் களத்தில் ஆட்கணக்கு எடுப்பார்கள். படங்கை இடுப்பிற் சுற்றிக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறினால், ஆளுக்கொரு நிரை. பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நிரை பிடித்து மேலேறும் பெண்களில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். அடுத்த நிரையில் நிற்பவள் அதைத் தொடர்வாள். மூன்றாமவள் அதில் ஒரு சொல்லை மாற்றுவாள். நிறுவைக்குக் கூடை இறங்கும்போது பாட்டு ஒருவாறு முடிந்திருக்கும். நாளை வேறொரு மலையில் வேறொரு சொல்லோடு அது மீண்டும் பிறக்கும். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண் அதனையும் சீதனமாகக் கொண்டு செல்வாள். அங்கே கங்காணியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மாறும், ஏச்சு மாறாது.

இவ்வாறு கட்டப்பட்ட பாட்டுக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால், நிரையில் நின்ற எல்லோரும்தான் என்க. ஆனால் அடியெடுத்துக் கொடுத்த ஒருத்தி இருந்தாள் என்பதையும் மறத்தலாகாது. 'நாடோடிப் பாடலுக்கு ஆசிரியர் இல்லை' என்று நாம் வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் இல்லாமற் பாட்டு முளைக்குமா? இருந்தார்கள்; குறித்துவைக்க ஆள் இல்லை.

இப்பாட்டுக்களின் பொருளை நோக்குவோமாயின், வெறும் சோகம் என்ற தீர்ப்பு நிற்பதில்லை. நாள் முழுதும் பறித்தும் அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை பாட்டிலே அகப்படுவான். நிறுவையிலே தராசு சாய்ந்த கதை வரும். கைக்காசு கைக்கு வருமுன் கடையிலே கரைந்த கணக்கு வரும். மேலே வாட்டசாட்டமாக நிற்கும் துரையின் நடையைக் கேலி செய்யும் சொல் வரும். காதலும் உண்டு, மச்சானுக்கும் மாமன் மகளுக்கும் இடையே நடக்கும் சொல்லம்புகள் உண்டு. துரையைத் தெய்வமாக்கிப் புகழும் பாட்டும், கங்காணியின் கொடையை வாழ்த்தும் பாட்டும் உண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பசித்தவன் பாட்டில் நன்றியும் வரும், வஞ்சினமும் வரும். ஒன்றை எடுத்து மற்றதை மறைப்பது ஆராய்ச்சியாகாது.

தப்பும் கூத்தும்

மலைமேல் பெண்கள் வளர்த்த பாட்டைப் போலவே, லயத்து முற்றத்தில் ஆண்கள் வளர்த்த கூத்தும் நம் கவனத்துக்குரியது. மாசி மாதத்து வளர்பிறையில் காமன் கூத்துத் தொடங்கும். காமன் நட்ட இடம் காமன் பொட்டல் எனப்படும். இரதியும் மன்மதனும் வேடமிட்டு வீட்டுக்கு வீடு ஆடி வருவர். கடைசி இரவில் எமனும் வீரபத்திரனும் தூதனும் வந்து சேர, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். இரதி அழுது மாங்கல்ய பிச்சை கேட்பாள். பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் இவ்வாறே தோட்டங்களில் ஆடப்பட்டன. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியும் கான் வெட்டியும் களைத்த ஒருவன் இரவிலே தேவனாகவும் அரசனாகவும் நின்று விடியும்வரை பாடினான். அவனுக்கு அடவு சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியாரும் தோட்டத்துத் தொழிலாளிதான். கூத்து நூலை நெஞ்சிலே சுமந்தவர் அவர்.

இக்கூத்துக்கு உயிர் தப்பு. அதே தப்புத்தான் விடியலில் வேலைக்கு எழுப்பியது. அதுவே கோயில் திருவிழாவில் ஒலித்தது. அதுவே பிணத்தின் முன் சென்றது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே லயத்திலுள்ளோர் என்ன செய்தி என்று அறிந்துகொள்வர். இத்துணை நுட்பமான இசைக்கலைஞனை மலையகம் எங்ஙனம் நடத்திற்று? தோல் தொட்டவன் என்று ஒதுக்கி வைத்தது. கடல் கடந்து வந்த மூட்டையிலே பாட்டு மட்டும் வரவில்லை, சாதியும் வந்தது. துரை எல்லோரையும் கூலி என்றான். கூலிகளோ தம்முள்ளே உயர்வு தாழ்வு பாராட்டினார்கள். லயங்களிற் குடியமர்த்துவதிலும் சாதிப் பிரிவினை பேணப்பட்டது. அது நிர்வாகத்துக்கும் உவப்பாகவே இருந்தது. மலையக இசையின் முதல் வாத்தியக் கலைஞன் இரட்டைச் சுமை சுமந்தவன். அவனுடைய பெயர் தெரியாமற் போனதற்குத் துரைத்தனம் மட்டும் பொறுப்பன்று, நாமும் பொறுப்பு.

அச்சேறிய பாட்டு

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டு வரை இப்பாட்டு வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாக வாழ்ந்தது. அதனை அரசியலோடும் அச்சுயந்திரத்தோடும் இணைத்த காலம் கோ. நடேசய்யரோடு தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கை வந்த நடேசய்யர், தோட்டத்துக்குள் வெளியாள் புக இயலாத அந்நாளில் புடவை வியாபாரியைப் போல வேடந்தாங்கி லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தவர். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்னும் பத்திரிகைகளை நடத்தினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உழைத்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிய காலத்தில் அவரை விட்டுப் பிரிந்தார். 1931ஆம் ஆண்டில் அட்டன் நகரிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1936இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947இல் மறைந்தார்.

தொழிற்சங்கத்துக்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அத்துமீறிப் பிரவேசித்ததாகக் குற்றஞ்சாட்டி எவரையும் வெளியேற்றலாம். கூட்டம் போடவும் வழியில்லை. பத்திரிகை அனுப்பினாலும் படிக்கத் தெரிந்தவர் சிலரே. இந்நிலையில் பாட்டின் பயன் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் மடியில் மறையும். ஒருவன் எழுத்துக்கூட்டிப் படித்தாற் போதும். மறுநாள் அது லயம் முழுவதும் பாடப்படும். பேச்சை மறந்துவிடலாம், தெரிந்த மெட்டில் வந்த சொல் எளிதில் மறவாது. ஆள் நுழைய முடியாத மலைக்குள் பாட்டு நுழைந்தது. நடேசய்யரும் பாட்டின் பயனறிந்தவர்; தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்னும் நாடகத்தை எழுதினார்.

மீனாட்சியம்மாள்

அப்பாட்டின் குரலாக விளங்கியவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். இலங்கை மலையகத்தின் முதற் பெண் கவிஞர் என்று இன்று மதிக்கப்படுபவர் அவர். கூட்டம் தொடங்குமுன் மேடையேறிப் பாரதியின் பாடல்களை அவர் பாடுவார். அக்குரல் கேட்டு மக்கள் திரள்வர். பின்னரே சொற்பொழிவு நடக்கும். பத்திரிகைப் பணியிலும் அவர் கணவரோடு தோள்கொடுத்தார். குடும்பப் பெண்கள் பொதுமேடையிற் பாடுவதை ஊர் ஏளனமாகப் பார்த்த காலம் அது என்பதை நினைவிற் கொண்டால், அவருடைய துணிவின் அளவு விளங்கும்.

1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் நூலாயின. அவ்வாண்டின் சூழ்நிலையை அறிந்தாலன்றி அந்நூலின் வேகம் புலப்படாது. 1939இல் இலங்கை அமைச்சர்கள் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நீக்க முடிவு செய்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆந் திகதி முதல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1940 சனவரியில், வேலைநிறுத்தம் நடந்த முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். வந்த நாட்டில் உரிமை இல்லை. பிறந்த நாட்டுக்குத் திரும்பினால் வாழ்வு இல்லை. இந்த இரண்டுங்கெட்ட நிலையையே மீனாட்சியம்மாள் பாட்டாக்கினார்.

அவர் புதிய இராகம் எதனையும் தேடிப் போகவில்லை. மக்கள் வாயிற் புழங்கிய மெட்டுக்களையே கையாண்டார். உழைத்து நாட்டை வளமாக்கியவர் யார், அந்நாட்டின் பேரால் அவரையே விரட்டுவோர் யார் என்ற கேள்வியை அம்மெட்டுக்களில் ஏற்றினார். நிரையிலே நின்ற பெண் கங்காணியைக் கேட்ட கேள்வி, அவருடைய பாட்டிலே அமைச்சரைக் கேட்கும் கேள்வியாக வளர்ந்தது. தனியொருவர் மீதான ஏச்சு, அதிகாரத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறிய இடம் இது. மலையகப் பாட்டின் சரித்திரத்திலே இது பெருந்திருப்பம் என்று நாம் கருதுகிறோம்.

மீனாட்சியம்மாள் தனித்து நிற்கவில்லை. வி. எஸ். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான், எஸ். எஸ். நாதன், கா. சி. ரெங்கநாதன் முதலிய பாடலாசிரியர்கள் சிறு பிரசுரங்களாகப் பாட்டுக்களை வெளியிட்டார்கள். பாட்டின் தலைப்பில் இன்ன மெட்டு என்று குறிப்பு இருக்கும்; நாடக மெட்டும், பின்னாளில் சினிமா மெட்டும் அதில் இடம்பெற்றன. திருவிழாக் கூட்டத்திலும் ரயிலிலும் பாடிக் காட்டிச் சில சதத்துக்கு விற்பார்கள். இவற்றிற் பல இலக்கணப்படி பிழையுடையன என்று பண்டிதர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். சந்தையிலே நின்று பாடி, கேட்டவன் காசு கொடுத்து வாங்கிச் சென்ற பாட்டு எத்தனை பண்டிதருக்கு வாய்த்தது?

வேறு மலைகளில்

உழைப்பவரின் பாட்டு இவ்வாறு வளர்வது இலங்கைக்கே உரிய விந்தையன்று. சுவீடனிலிருந்து அமெரிக்கா சென்று தொழிலாளியான ஜோ ஹில், தெருவிலே கேட்ட தேவாலயப் பாட்டுக்களின் மெட்டில் கூலிப் போராட்டத்தின் சொல்லை ஏற்றினார். 1915இல் யூட்டா மாநிலத்தில் மரண தண்டனைக்கு உள்ளானார். சட்டைப் பையில் அடங்கும் சிறிய பாட்டுப் புத்தகங்களே அச்சங்கத்தின் வேதமாயிருந்தன. கென்டக்கி மாநிலத்து ஹார்லன் மலைப்பகுதியில், 1931ஆம் ஆண்டின் நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தில், சங்க ஊழியரான தன் கணவனைத் தேடி ஆயுதபாணிகள் வீட்டுக்குள் புகுந்து சென்றபின், புளோரன்ஸ் ரீஸ் என்ற பெண் நாட்காட்டித் தாளைக் கிழித்து அதிலே ஒரு பாட்டை எழுதினாள், மெட்டு பழையது. அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியதும் அதே 1931ஆம் ஆண்டில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு மலைகளில், சங்க ஊழியரின் மனைவியர் இருவர், பழைய மெட்டையும் புதிய சொல்லையும் ஒரே வகையாக இணைத்தார்கள். உலகப் பொருளாதார மந்தம் இரு மலைகளையும் ஒருங்கே நெரித்த காலம் அது. ஒத்த நிலைமை ஒத்த கலையைப் பிறப்பித்ததில் வியப்பில்லை.

அமெரிக்க மலைப்பாட்டின் பிற்காலக் கதையும் நமக்குப் பாடமாகும். 1927இல் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பத்தாரின் பாட்டு இசைத்தட்டிலே பதிவாயிற்று. ஏ. பி. கார்ட்டர் மலைக் குடிசைகள்தோறும் சென்று பாட்டுத் திரட்டினார். அவருடன் சென்று மெட்டை நினைவிற் பதித்துத் தந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். கார்ட்டரின் பெயர் உலகறிந்தது. ரிடிலின் பெயரை நெடுங்காலம் அறிந்தவர் சிலரே. பின்னர் 1968இல் கிராம் பார்சன்ஸ் போன்ற இளைஞரும் பேர்ட்ஸ் குழுவினரும் அம்மலைப் பாட்டை மின்சாரக் கிட்டாரோடு இணைத்தபோது 'கன்ட்ரி ராக்' என்ற புது இசை பிறந்ததாக உலகம் கொண்டாடிற்று. கொண்டாடத்தக்கதே. ஆயினும் வேர் எங்கே என்று கேட்டால் குடிசைக்குத்தான் திரும்பவேண்டும். தப்படித்தவனை மறந்து மலையக இசை பேசுவோர் ரிடிலின் கதையை நினைவிற் கொள்வாராக.

தொகுத்தவர்

மலையகத்துக்கும் அத்தகைய தொகுப்பாளர் ஒருவர் வாய்த்தார். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞர், தொழிற்சங்கவாதி, அரசியல்வாதி என மூன்று நிலையிலும் மக்களோடு நின்றவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தெரிவானோர் 7 பேர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு தலைமுறை வாயடைக்கப்பட்ட அந்நாட்களில் பாட்டுப் பிரசுரங்களே பல இடங்களில் மக்களின் முறையீடாயின.

வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளியிட்ட நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா தமிழாக்க, அது 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969இல் வெளிவந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டின் நினைவு அத்தலைப்பிலேயே எதிரொலிக்கக் காணலாம். அவர் செய்த பணிகளுள் மிக அரியது வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியமையே. பல்லாண்டுத் தேட்டத்தின் பயனாக 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' சென்னையில் நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1984இல், அவர் காலமானார். இப்பணியைச் சாரல் நாடன், மாத்தளை வடிவேலன், அந்தனி ஜீவா முதலியோர் தத்தம் வழியில் தொடர்ந்தனர். நடேசய்யரையும் மீனாட்சியம்மாளையும் மறதியிலிருந்து மீட்ட பெருமையிற் பெரும்பங்கு இவர்களுக்குரியது.

செய்யவேண்டியது

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமானார்கள். நிரையிலே சேர்ந்து பாடிய பெண்களும் அவ்வாறே பிரிந்தார்கள். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள், முன்னோர் கொண்டுவந்த பாட்டையே திரும்பவும் சுமந்து சென்றார்கள். ஊரிலிருந்து கண்டிக்கு வந்த பாட்டு, கண்டியை நினைந்து அழும் பாட்டாகத் தாயகம் திரும்பிற்று. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 2023இல், முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். அவ்வழியில் விழுந்தவர்களுக்கு அன்று இல்லாத மரியாதை இரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது.

நடந்தவர்களை நினைத்தோம், பாடியவர்களை நினைக்க வேண்டாமா? நிரையிலே நின்று பாடிய தலைமுறை மூத்துவிட்டது. கூத்து வாத்தியாரின் நெஞ்சிலிருக்கும் கூத்து அவரோடு போய்விடும். ரயிலில் விற்ற பிரசுரங்கள் காகிதமாய் நைந்து போகின்றன. தப்பைத் தொடக் கூசும் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களின் கூச்சத்துக்குக் காரணமான சாதி இழிவை ஒழிக்காமல் 'கலையைக் காப்பாற்றுங்கள்' என்று அவர்களிடம் உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. கலைஞனுக்கு மதிப்பு வந்தால்தான் கலை நிலைக்கும்.

மலையகத்துப் பள்ளிகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களையும், பல்கலைக்கழகங்களுக்குச் சென்றிருக்கும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. விடுமுறைக்கு வீடு செல்லும்போது லயத்திலுள்ள மூதாட்டியர் அருகில் அமருங்கள். பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் எழுதினால் போதாது; பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்பனவற்றையும் எழுதுங்கள். கங்காணியை வாழ்த்தும் பாட்டானாலும் விட்டுவிடாதீர்கள். ஆபாசமென்று ஒதுக்கவும் வேண்டாம். வகுப்பறையிலே சங்கப் பாட்டைப் படிப்பிக்கும் அதே மதிப்போடு அதையும் படிப்பியுங்கள். ஒளவையையும் வெள்ளிவீதியையும் பெயர் சொல்லிக் கற்பிக்கிற நமக்கு, நானுஓயாவிலும் வட்டகொடையிலும் அடியெடுத்துக் கொடுத்த பெண்களின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். செக்ரோலில் அவர்களுக்கு விழாத அந்தப் பேரை இனி நாம்தான் போடவேண்டும். அதையும் அரைப்பேராகப் போடலாகாது.